மரமேற்றும் லாரியும் பற்றவைப்பின் பொறுப்பும்



நெடுஞ்சாலையில் பயணம் செய்யும் நம்மில் ஒவ்வொருவரும், பருத்த மரக்கட்டைகளைச் சுமந்துகொண்டு மெல்ல ஊர்ந்து செல்லும் லாரி ஒன்றின் பின்னே ஒருமுறையேனும் அகப்பட்டிருப்போம். முன்னே செல்ல வழியின்றி, அந்தக் கட்டைகளையே பார்த்தவண்ணம் பல கல் தொலைவு சென்றிருப்போம். அப்போது நம் கண் கட்டைகளின் பருமனைக் காணும். அவற்றை இறுக்கிய சங்கிலியைக் காணும். கட்டைகள் உருண்டு விழாதபடி இருபுறமும் நிமிர்ந்து நிற்கும் எஃகுத் தூண்களைக் கவனிப்போர் சிலரே. அத்தூண் லாரியின் குறுக்குச் சட்டத்தோடு எவ்விடத்தில் சேர்கிறதோ, அவ்விடத்தில் ஒருவன் நெருப்பால் போட்ட நான்கு விரற்கடை நீளமுள்ள பற்றவைப்பை எண்ணிப் பார்ப்போர் மிக அரியர். ஆனால் அந்த லாரிக்குப் பின்னும் பக்கத்திலும் செல்வோரின் உயிர் பெரும்பாலும் அந்த நான்கு விரற்கடையில்தான் இருக்கிறது. இன்று அதைப் பற்றியே பேசக் கருதுகிறோம்.

மத்திய அரசின் மொழிபெயர்ப்பு மேசையில் அமர்ந்து சொற்களோடு பழகும் நமக்கு இரும்புப் பட்டறையில் என்ன அலுவல் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பாதுகாப்புக் குறிப்புகளையும் விதிகளையும் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குக் கொண்டுசெல்வது நமது தொழில். ஒரு சொல்லை மொழிபெயர்க்க வேண்டுமானால், அச்சொல் குறிக்கும் பொருளை ஒருமுறையாவது கண்ணால் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கப் போன இடங்களில் அறிந்தவற்றையும், தொழில் தெரிந்தோர் பொறுமையுடன் விளக்கியவற்றையுமே இங்கே தொகுத்துச் சொல்கிறோம். நமது பேச்சைக் கேட்போரில் பலர் வேற்று மாநிலங்களில் லாரித் தொழிலிலும், பட்டறைகளிலும், மர அறுவை ஆலைகளிலும் உழைக்கும் தமிழர்கள். தொழில் செய்வோருக்கு இது நினைவூட்டலாகும். பிறருக்குப் புதுச் செய்தியாகும்.

முதலில் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குஜராத் மாநிலத்தில் கட்ச் வளைகுடாவின் ஓரத்தில் காண்ட்லா என்னும் துறைமுகம் உள்ளது. தேசப் பிரிவினையில் கராச்சி பாகிஸ்தானுக்குச் சென்றுவிட்டமையால், மேற்குக் கரையில் புதியதொரு துறைமுகம் வேண்டியதாயிற்று. அத்தேவையிலிருந்து எழுந்த காண்ட்லா, 1955-ஆம் ஆண்டில் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2017-இல் தீனதயாள் துறைமுகம் என்று பெயர் மாற்றம் பெற்றது. அதன் அருகே, சிந்துவிலிருந்து அகதிகளாக வந்தோர் குடியேறிய காந்திதாம் நகரம் இருக்கிறது. இன்று நம் நாட்டுக்குள் வரும் அயல்நாட்டு மரக்கட்டைகளுக்கு இந்தத் துறைமுகமே முதன்மையான வாயில். பர்மியத் தேக்கு ஒருகாலத்தில் கட்டை வடிவிலேயே நம் நாட்டுக்கு வந்தது. மியான்மார் அரசு 2014 ஏப்ரலில் கட்டை ஏற்றுமதியைத் தடை செய்தபின் அவ்வழி அடைபட்டது. நியூசிலாந்து, உருகுவே முதலிய தொலைநாடுகளின் பைன் மரம் கப்பல் கப்பலாக வந்து இறங்குகிறது. கப்பலிலிருந்து கிடங்குக்கும், கிடங்கிலிருந்து அறுவை ஆலைக்கும் அவற்றைக் கொண்டுசெல்பவை லாரிகளும் டிரெய்லர்களுமே. ஹரியானாவின் யமுனாநகரிலும் கேரளத்தின் பெரும்பாவூரிலும் ஒட்டுப்பலகை ஆலைகளுக்கு மரம் கொண்டுசெல்லும் வண்டிகளும் இவ்வகையினவே. இடம் வேறாயினும், மொழி வேறாயினும், உருளும் கட்டையின் குணம் ஒன்றே.

அந்தக் குணம் யாது? நெல் மூட்டையை லாரியில் அடுக்கினால் அது அடுக்கிய இடத்தில் கிடக்கும். செங்கல்லும் அவ்வாறே. மரக்கட்டையோ உருளைவடிவானது, தன் பாட்டில் கிடக்க அதற்குத் தெரியாது. மேலே உள்ள கட்டை கீழே உள்ள இரண்டு கட்டைகளையும் ஆப்புப் போலப் பிளந்து இருபுறமும் தள்ளிக்கொண்டே இருக்கும். வண்டி நின்றிருந்தாலும் தள்ளும். ஓடினால் மேலும் தள்ளும். மழையில் நனைந்த பட்டை வழுக்கும். பட்டை உரிந்து விழுந்தால், இறுக்கிக் கட்டிய சங்கிலியும் தளர்ந்துபோகும். ஆகவே பக்கத் தூண் என்பது அழகுக்கு வைத்த வேலியன்று. அது ஓயாது தாங்கி நிற்கும் சுவர்.

எடைக் கணக்கையும் சிறிது பார்ப்போம். ஆறு மீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் விட்டமும் உள்ள ஒரு கட்டையின் கன அளவு ஏறக்குறைய 1.7 கனமீட்டர். ஈரம் காயாத பச்சை மரம் கனமீட்டருக்கு ஒரு டன் அளவில் எடையிருக்கும் எனக் கொண்டால், அந்த ஒரே கட்டை 1,700 கிலோ. அதாவது இரண்டு சிறிய கார்களின் எடை. இத்தகைய கட்டைகளால் 20 டன் ஏற்றிய லாரியைக் கருதுவோம். அதில் பக்கத்துக்கு நான்காக எட்டுத் தூண்கள். வளைவில் திரும்பும்போதோ திடீரென ஒதுங்கும்போதோ, சுமையின் எடையில் பாதியளவு விசை பக்கவாட்டில் தாக்கக்கூடும் என்று கொண்டு கணக்கிடுவது பொறியாளர் வழக்கம். அப்படியானால் பத்து டன் விசையை ஒரு பக்கத்தின் நான்கு தூண்கள் பகிர்ந்து தாங்க வேண்டும். தூண் ஒன்றுக்கு இரண்டரை டன்.

இரண்டரை டன் தானே என்று எண்ணிவிடலாகாது. அந்த விசை தூணின் அடியில் தாக்குவதில்லை. தட்டிலிருந்து 80 சென்டிமீட்டர் உயரத்தில், சுமையின் நடுவில் தாக்குகிறது. கடப்பாரையின் நுனியைப் பிடித்து நெம்பினால் அடியில் பாறையே அசைகிறதல்லவா? அதே நெம்புகோல் தத்துவம் இங்கும் வேலை செய்கிறது. தூணின் ஆழம் 15 சென்டிமீட்டர் என்றால், அதன் அடியிணைப்பின் உட்புற விளிம்பைப் பிய்த்தெடுக்க முயலும் விசை 13 டன்னுக்கும் மேலாகிறது. உச்சியில் இரண்டரையாக இருந்தது, அடியில் பதின்மூன்றாகப் பெருகிவிடுகிறது.

இனி அந்த விளிம்பில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். எட்டு மில்லிமீட்டர் அளவில் மூலைப் பற்றவைப்பு ஒன்று, எட்டு சென்டிமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்டிருக்கிறது என்று கொள்வோம். மூலைப் பற்றவைப்பு முக்கோண வடிவானது. அதன் குறுகிய கனமே வலிமையைத் தீர்மானிக்கும். எட்டு மில்லிமீட்டர்ப் பற்றவைப்புக்கு அந்தக் கனம் ஐந்தரை மில்லிமீட்டர் அளவே. பதின்மூன்று டன்னை அந்தச் சிறு பரப்பில் வகுத்தால், சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 30 கிலோ வருகிறது. சாதாரணக் கட்டுமான எஃகு 25 கிலோ அளவிலேயே தன் வடிவை நிரந்தரமாக இழக்கத் தொடங்கும். அந்த எல்லையைத் தொடுவதற்கே நாம் அனுமதிக்கலாகாது. ஆனால் இங்கோ அதையும் தாண்டியாயிற்று. தூண் வலுவானது, தட்டு வலுவானது, இணைப்பு மட்டும் போதாது. சங்கிலியும் உராய்வும் ஓரளவு பங்குகொள்ளும் என்பது உண்மையே. ஆயினும் அவை கைவிடும் நாளுக்காகத்தானே தூணை வைக்கிறோம்?

இதற்குப் பரிகாரம் யாது? பற்றவைப்பை மேலும் மேலும் தடிமனாகக் குவிப்பதன்று. வடிவத்தை மாற்றுவதே பரிகாரம். தூணும் குறுக்குச் சட்டமும் சேரும் உள்மூலையில் முக்கோணத் தட்டு ஒன்றை வைத்து இணைத்தால், நெம்பும் தூரம் 15 சென்டிமீட்டரிலிருந்து 35 ஆக நீள்கிறது. பிய்க்கும் விசை பதின்மூன்று டன்னிலிருந்து ஆறு டன்னுக்கும் கீழே இறங்குகிறது. அதனினும் சிறந்த முறை, தூணை மேலே ஒட்டிவைக்காமல், குறுக்குச் சட்டத்தின் இரு முகத்தட்டுகளுக்கிடையே இறக்கி, மேலும் கீழுமாக இரண்டு இடங்களில் அணைத்துப் பிடிப்பது. அப்போது சுமையை எஃகே எஃகின்மேல் சாய்ந்து தாங்கும். பற்றவைப்பு அதைத் தன் இடத்தில் இருத்தும் வேலையை மட்டும் செய்யும். நம் வீட்டு மரக்கதவை நினைத்துப் பாருங்கள். பழைய தச்சர், ஆணியை நம்பிச் சட்டத்தைச் சேர்க்கவில்லை; துளையில் நாக்கை இறக்கிப் பொருத்திய பின்னரே முளை அடித்தார். அந்த அறிவே இங்கும் வேண்டப்படுகிறது.

தூணை எத்திசையில் நிறுத்துவது என்பதும் சிறிய செய்தியன்று. 100 மில்லிமீட்டர் அகலமும் 10 மில்லிமீட்டர் கனமும் உள்ள ஒரு பட்டையைப் படுக்கை வசத்தில் வளைப்பதற்கும், விளிம்பு வசத்தில் வளைப்பதற்கும் உள்ள வேறுபாடு, வலிமையில் பத்து மடங்கு. விறைப்பில் நூறு மடங்கு. அதே எஃகு, அதே எடை, அதே விலை. லாரியின் அகலவாட்டில் தூணின் ஆழம் இருக்குமாறு நிறுத்துபவன், ஒரு காசும் மிகுதியாகச் செலவிடாமல் பன்மடங்கு வலிமையைப் பெறுகிறான். திசை மாற்றி நிறுத்துபவன் அதை வீணடிக்கிறான்.

இங்கே சேசிஸ் எனப்படும் அடிச்சட்டத்தைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். லாரியின் இரு நெடுஞ்சட்டங்களும் மிக்க வலிமையுள்ள எஃகால், வளைந்து கொடுத்து மீளும்படி செய்யப்பட்டவை. அவற்றின் மேல்மடிப்பிலும் கீழ்மடிப்பிலும் பற்றவைக்கவோ துளையிடவோ கூடாதென்று உற்பத்தியாளர்கள் தம் கையேடுகளில் எழுதியிருக்கிறார்கள். பற்றவைக்கும் வெப்பம் அவ்வெஃகின் குணத்தையே மாற்றிவிடும். அவ்விடத்தில் விரிசல் பிறந்தால் சட்டமே ஓடிக்கொண்டிருக்கையில் முறியும். ஆகவே தூண்களைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைத் தனியே பற்றவைத்துச் செய்துகொண்டு, அதை உற்பத்தியாளர் காட்டிய இடங்களில் போல்ட்டுகளால் பூட்டுவதே முறை. இணைப்பைப் பிரிக்கலாம், பார்க்கலாம், மாற்றலாம் என்ற நன்மையும் இதில் உண்டு.

இன்னொன்று. 2020 ஏப்ரல் முதல் நாள் தொடங்கி நம் நாட்டில் விற்கப்படும் புதிய வண்டிகள் பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்கு உட்பட்டவை; அவற்றில் மின்னணுக் கருவிகள் மலிந்துள்ளன. வண்டியின்மீது பற்றவைக்குமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். கையேடு சொல்லும் மின்னணுப் பெட்டிகளின் இணைப்புகளையும் கழற்ற வேண்டும். மின்சாரம் திரும்பிச் செல்லும் எர்த் கவ்வியைப் பற்றவைக்கும் இடத்துக்கு மிக அருகிலேயே மாட்ட வேண்டும். தொலைவில் மாட்டினால், மின்சாரம் சக்கரத்தின் பேரிங்குகள் வழியே பாய்ந்து அவற்றைக் கெடுத்துவிடும்.

பற்றவைக்கும் குச்சிக்கு வருவோம். பட்டறைகளில் இதை ராடு என்றே வழங்குகிறார்கள். கடைகளில் எளிதாகக் கிடைப்பது 6013 என்னும் வகை. அதில் நெருப்பு எளிதில் பிடிக்கும். பற்றவைப்பும் பார்க்க வழவழப்பாக அமையும். பளுவான வேலைக்கு உரியது 7018 என்னும் ஹைட்ரஜன் குறைந்த வகை. எண்களின் முதல் இரண்டு இலக்கங்கள் இழுவலிமையைக் குறிப்பன. ஒரு சதுர அங்குலத்துக்கு முறையே 60,000, 70,000 பவுண்டு என்பது பொருள். ஆனால் வேறுபாடு வலிமையில் மட்டும் இல்லை. உருகிய எஃகுக்குள் ஈரத்திலிருந்து பிறக்கும் ஹைட்ரஜன் புகுந்துகொண்டால், தடித்த எஃகில் அது உள்ளுக்குள் விரிசலை உண்டாக்கும். அந்த விரிசல் உடனே தோன்றுவதன்று. பற்றவைப்பு ஆறிச் சில மணி நேரம் கழித்தோ, ஒருநாள் இரண்டு நாள் கழித்தோ தோன்றும். மாலையில் பார்த்தபோது குற்றமற்றதாக இருந்தது, லாரி புறப்பட்டபின் வழியில் விரிந்திருக்கும். ஆகையால்தான் முக்கியமான இணைப்புகளை 48 மணி நேரம் கழித்து மறுமுறை சோதிக்கும் வழக்கம் ஏற்பட்டது.

7018 ராடுக்கு ஈரமே பகை. பெட்டியைத் திறந்து கடற்காற்றில் வைத்துவிட்டால், அதன் மேற்பூச்சு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பின்னர் அது பெயரளவிலேதான் ஹைட்ரஜன் குறைந்த ராடு. பயன்படுத்துமுன் உற்பத்தியாளர் சொன்னபடி, பெரும்பாலும் 300 முதல் 350 டிகிரி வெப்பத்தில், ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் உலர்த்தி, சூடான பெட்டியில் வைத்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். துறைமுக ஊர்களிலும் மழைக்காலத்திலும் இது இரட்டிப்பாக அவசியம். உலர்த்தும் அடுப்பு ஒன்று வாங்கும் செலவை வீண் செலவென்று கருதும் முதலாளி, எட்டுத் தூண்களின் வலிமையையும் அந்தச் செலவோடு சேர்த்துத் துறந்துவிடுகிறார்.

இவ்வளவும் செய்த பின்னும் ஒரு பகை எஞ்சி நிற்கும். அதற்குக் களைப்பு என்று பெயர். மனிதனுக்கு உள்ளதுபோலவே உலோகத்துக்கும் களைப்பு உண்டு. ஒரு கம்பியை ஒருமுறை வளைத்தால் அது முறிவதில்லை. முன்னும் பின்னுமாகப் பன்முறை வளைத்தால் முறிந்துவிடுகிறது. லாரி செல்லும் பாதையில் ஒவ்வொரு பள்ளமும் தூணை ஒருமுறை அசைக்கிறது. ஒரு பயணத்தில் ஆயிரக்கணக்கான அசைவுகள். பற்றவைப்பின் ஓரத்தில், எஃகை அரித்தாற்போன்ற நுண்ணிய பள்ளம் ஒன்று இருந்தால் போதும். அங்கே மயிரிழையாகத் தொடங்கும் விரிசல் நாள்தோறும் வளரும். இதில் பலரும் அறியாத உண்மை ஒன்று உண்டு. விலையுயர்ந்த வலிய எஃகை வாங்கிப் போட்டாலும், பற்றவைத்த இடத்தின் களைப்பு ஆயுள் பெரிதாக நீண்டுவிடாது. அதை நீட்டுவது ஓரங்களின் ஒழுங்கு. முக்கோணத் தட்டின் முனையைக் கூராக விடாமல் சரித்து முடிப்பதும், பற்றவைப்பை மூலையில் நிறுத்தாமல் சுற்றிக் கொண்டுபோய் முடிப்பதும், ஓரத்துப் பள்ளத்தைக் கிரைண்டரால் தேய்த்து வழுவழுப்பாக்குவதும் அந்த ஒழுங்கில் அடங்கும். செலவு சிறிது, பொறுமை பெரிது.

விரிசலைக் காண விலையுயர்ந்த கருவியே வேண்டும் என்பதில்லை. துருவையும் வண்ணத்தையும் நீக்கித் துப்புரவாகத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவிச் சற்று நேரம் விட்டு, மேற்பரப்பை உலரத் துடைத்துச் சுண்ணப்பொடியைப் பூசினால், விரிசலுக்குள் ஒளிந்த எண்ணெய் கசிந்து கோடு காட்டும். பழைய பட்டறைகளின் எளிய சோதனை இது. இதே தத்துவத்தில் சிவப்புச் சாயம் கொண்டு செய்யும் சோதனை இன்னும் நுட்பமானது. அதற்கான பொருள்கள் கடைகளில் கிடைக்கின்றன. மாதம் ஒருமுறை தூண்களின் அடியைக் கழுவிப் பார்க்கும் ஓட்டுநர், வண்ணத்தின்மேல் துருநிறக் கோடு ஒன்று தென்பட்டாலே வண்டியை நிறுத்த வேண்டும். துரு வடியும் கோடு பல வேளைகளில் விரிசலின் முகவரி.

தூண் எவ்வளவு வலுவானாலும், ஏற்றுபவர் முறையறிந்து ஏற்றாவிடில் பயனில்லை. ஒவ்வொரு பக்கக் கட்டையும் குறைந்தது இரண்டு தூண்களின்மேல் சாய்ந்திருக்க வேண்டும். அதன் முனை தூணைக் கடந்து ஓரடியாவது நீண்டிருக்க வேண்டும். ஓரக்கட்டை தூணைத் தொடும் இடம் தூணின் உச்சிக்குக் கீழே இருக்க வேண்டும். உச்சிக்குமேல் குவித்த கட்டையைத் தூண் தாங்காது. பக்கத் தூண்கள் பக்கவாட்டில் மட்டுமே காப்பவை. திடீரென்று பிரேக் பிடிக்கும்போது கட்டைகள் முன்னோக்கிப் பாய்ந்தால், அவற்றைத் தடுக்க ஓட்டுநர் கூண்டின் பின்னே உறுதியான முன்சுவர் தனியே வேண்டும். 2018-ஆம் ஆண்டில் அச்சுச் சுமையின் வரம்பு உயர்த்தப்பட்டது. நான்கு டயர்கள் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன் ஆயிற்று. சட்டம் வரம்பை உயர்த்தியதால் பழைய தூண்களும் தாமே உயர்ந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. பழைய கணக்கில் செய்த தூணின்மேல் புதிய சுமையை ஏற்றுபவர், தூணையும் புதுக்கணக்கில் சோதித்தாக வேண்டும்.

பற்றவைக்கும் தொழிலாளியின் உயிரும் நம் உயிரைப் போன்றதே. மின்வில்லின் ஒளியை வெறுங்கண்ணால் கண்டவனுக்கு இரவில் கண்ணில் மணலைக் கொட்டியதுபோல் வலிக்கும். 10 அல்லது 11-ஆம் எண் கொண்ட கறுப்புக் கண்ணாடி அவசியம். துத்தநாகம் பூசிய தகட்டை அப்படியே பற்றவைத்தால் எழும் புகை காய்ச்சலை உண்டாக்கும். இருமுனையும் அடைத்த குழாய்க்குள் காற்றோ ஈரமோ சூடேறி வெடிக்கக்கூடும். முதலில் காற்றுத் துளை இட வேண்டும். ஈரத் தரையில் நின்று வேலை செய்தால் மின்சாரம் பாயும். மரம் ஏற்றும் லாரியில் இன்னோர் ஆபத்தும் உண்டு: தட்டின் இடுக்குகளில் மரத்தூளும் காய்ந்த பட்டையும் நிறைந்திருக்கும். ஒரு பொறி அங்கே விழுந்து மணிக்கணக்கில் கனன்று, ஆளில்லாத இரவில் தீயாக எழக்கூடும். கூட்டிப் பெருக்கித் தண்ணீர் தெளித்த பின்னரே நெருப்பைக் கையில் எடுக்க வேண்டும்.

இனி நமது தொழிலுக்கு உரிய செய்திக்கு வருகிறோம். பற்றவைத்தல் என்னும் தமிழ்ச்சொல் அடுப்பை மூட்டுவதையும் குறிக்கும். இரண்டை ஒன்றோடொன்று சேர்ப்பதையும் குறிக்கும். நெருப்பும் பிணைப்பும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது இத்தொழிலுக்குப் பொருத்தமே. நம் பொற்கொல்லர்களுக்குப் பற்றாசு என்றொரு சொல் உண்டு. இரு துண்டுகளின் இடையே வேறோர் உலோகப் பொடியை உருக்கி ஒட்டுவது அது. லாரித் தூணில் நடப்பது பற்றாசு அன்று. அங்கே இரு எஃகுகளும் தாமே உருகி, ஒன்றோடொன்று கலந்து, ஒரே பொருளாகி உறைகின்றன. மேலே ஒட்டிக்கொண்டு உள்ளே கலவாத பற்றவைப்பு, பார்வைக்குப் பற்றவைப்பாகத் தோன்றினும் உண்மையில் ஒட்டுத்தான்.

எச்சரிக்கைப் பலகைகளின் மொழியும் இவ்வாறே. குஜராத்தில் உள்ள ஒரு பட்டறையின் முதலாளி ஒரு மொழி பேசுகிறார். லாரி ஓட்டுநர் மற்றொரு மொழி பேசுகிறார். பற்றவைப்பவர் மூன்றாவதொரு மொழியினர். லாரியின் கையேடோ ஆங்கிலத்தில் இருக்கிறது. சேசிஸின் மடிப்பில் பற்றவைக்காதே என்னும் ஒரு வரி இம்மூவருக்கும் விளங்கும் மொழியில் சுவரில் எழுதப்படாவிட்டால், அது எழுதப்பட்டும் எழுதப்படாததே. அகராதியில் தேடி எடுத்த அருஞ்சொல்லால் மொழிபெயர்த்து வைத்தாலும் பயன் குறைவு. பட்டறையில் எந்தச் சொல் புழங்குகிறதோ அந்தச் சொல்லே அங்கே சரியான சொல். அயல்மாநிலத்தில் உள்ள தமிழ்ப் பட்டறையாளர் ஒருவர் தம்மோடு வேலை செய்யும் பிற மொழியினருக்கு அவர்கள் மொழியில் ஒரு வரியை எழுதி வைத்தாரானால், அது ஓர் உயிரைக் காக்கும் மொழித்தொண்டு.

தமிழருக்கு இத்துறையில் ஒரு பெருமையும் அதனால் ஒரு கடமையும் உண்டு. திருச்சிராப்பள்ளியில் பாரத மிகுமின் நிறுவனத்தின் சார்பில் 1975-ஆம் ஆண்டில் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. அந்நகரைச் சூழ்ந்த தொழிற்சாலைகளில் பழகிய கைகள் இன்று நாடெங்கும், கடல் கடந்தும் வேலை செய்கின்றன. நாமக்கல்லும் திருச்செங்கோடும் லாரிக்கு உடல் கட்டும் தொழிலில் பெயர் பெற்ற ஊர்கள். அங்கே கட்டிய லாரிகள் காஷ்மீர் வரை ஓடுகின்றன. தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டர் பயிற்சி ஓராண்டில் முடிந்து சான்றிதழும் கிடைக்கிறது. எனினும் சான்றிதழ் தொழிலின் வாயில் மட்டுமே. 'இதைச் செய்வது முறையன்று' என்று சொல்லும் துணிவு உள்ளே இருக்கும் அறை.

அத்துணிவைப் பற்றியே இறுதியாகச் சொல்ல விரும்புகிறோம். சொந்த ஊரைவிட்டு வந்து பிழைப்பவனுக்கு 'முடியாது' என்னும் சொல் எளிதில் வாயில் வருவதில்லை. சுமை காத்திருக்கிறது, துறைமுகத்தில் நாள் வாடகை ஏறுகிறது, முறிந்த தூணை ஒரு மணி நேரத்தில் ஒட்டிக் கொடு என்று முதலாளி அவசரப்படுத்துகிறார். ராடு ஈரமாக இருக்கிறது. துருவை நீக்க நேரமில்லை. பழைய விரிசலின் மேலேயே ஒரு வரி இழுத்துவிட்டால் வண்டி புறப்பட்டுவிடும், கூலியும் கிடைத்துவிடும். வண்ணம் அடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. தூண் முறியும்போதும், அது எந்த ஊரில், எந்தப் பட்டறையில், யார் கையால் ஒட்டப்பட்டது என்று கேட்பார் இரார். பின்னே வந்த இருசக்கர வண்டிக்காரன் பெயர் மட்டும் மறுநாள் செய்தித்தாளில் வரும்.

தன்னை யாரும் காணாத இடத்தில் ஒருவன் செய்யும் வேலையே அவனது உண்மையான வேலை. விரிசலை முழுதும் தோண்டி எடுத்துவிட்டு, உலர்ந்த ராடு கொண்டு, அடியிலிருந்து நிரப்பி வர நேரம் கேட்கும் தொழிலாளி, சண்டைக்காரனல்லன். அவன் நம் அனைவருக்காகவும் பேசுகிறான். அந்த நேரத்தை அவனுக்குக் கொடுப்பது முதலாளியின் கடமை. அந்த நேரத்துக்கான கூலியைக் கொடுப்பது சரக்குக்கு உரியவரின் கடமை. நேயர்களில் பட்டறை வைத்திருப்போர், லாரி வைத்திருப்போர், மர ஆலை நடத்துவோர் பலர் இருப்பீர்கள். நாளைக் காலையில் உங்கள் வண்டி புறப்படுமுன், ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு தூண்களின் அடியில் குனிந்து பாருங்கள். சந்தேகம் தோன்றினால் வண்டியை நிறுத்தி வையுங்கள். ஒருநாள் வாடகை போகும். நெடுஞ்சாலையில் உங்கள் வண்டிக்குப் பின்னே வரும், நீங்கள் முகமறியாத ஒரு குடும்பம் வீடு போய்ச் சேரும்.